ஹேப்பி டிரம்

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷனை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். ஒரு தோளில் துணிப்பை, இன்னொன்றில் தப்பு மேளம். பூக்கடைக்காரர் ஒருவர், "என்ன அண்ணே, சாவு எங்க?" என்று கேட்டார். செத்தது என் வேலை என்று விளக்க நேரமில்லை. கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலைப் பிடிக்க வேண்டும்.

அன்று மதியம்வரை நான் ஒரு மழலையர் இசைப் பள்ளியில் எடுபிடி. பிள்ளைகளுக்குத் தப்பும் அடித்துக் காட்டுவேன். சம்பளம் சொற்பம். ஆனால் பின்பக்கத்து ஸ்டோர் ரூமில் படுத்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் சேர்ந்தேன். அதற்கு முன் ஓர் உணவகத்தின் பின்சந்தில் அட்டைப்பெட்டி விரித்துப் படுத்தவன். எனக்கு மின்விசிறி உள்ள அறை மாளிகை.

பள்ளியை நடத்திய மேடம் நேர்மறை உளவியல் படித்தவர். பிள்ளைகள் காதில் எதிர்மறைச் சொல் விழக்கூடாது. 'இல்லை' கிடையாது, 'நிறுத்து' கிடையாது, 'தப்பு' கிடையவே கிடையாது. தாளம் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் போனால், "சூப்பர், புது வழி கண்டுபிடிச்சிட்டியே" என்று நெற்றியில் நட்சத்திரம் ஒட்ட வேண்டும். ஒட்டினேன். சில நெற்றிகளில் இடமே போதவில்லை.

இடைஞ்சல், என் கருவியின் பெயர்தான்.

"பேரை மாத்திடலாம்லா," என்றார் மேடம்.

"பறைன்னு சொல்லட்டுமா?"

"பேரன்ட்ஸுக்குச் சாவு வீடு ஞாபகம் வரும். ஹேப்பி டிரம்னு சொல்லுங்க."

செத்த மாட்டின் தோலுக்கு இதற்கு மேல் என்ன மகிழ்ச்சி வேண்டும்?

நான்கு வயதுப் பெண் ஒருத்தி மட்டும் இதை நம்பவில்லை. "அதோட நிஜப் பேரு என்ன அங்கிள்?" என்று தினமும் நச்சரித்தாள். கேள்வி கேட்பது பிள்ளையின் பலம், ஊக்குவியுங்கள் என்று சுவரில் ஒட்டியிருந்தது. ஊக்குவித்தேன். "தப்பு," என்றேன். குச்சி பிடிக்கவும் சொல்லிக் கொடுத்தேன்.

மறுநாள் அவள் அம்மா முகம் வெளுத்து வந்து நின்றார்.

"எங்க அந்த ஆளு? அங்கிள் எனக்குத் தப்பு சொல்லிக் கொடுத்தாருன்னு சொல்றா. என்ன தப்புன்னு கேட்டா சிரிக்கிறா. நான் ராத்திரி தூங்கவே இல்ல."

கருவியைத் தூக்கிக் காட்டினேன். "இதுதான்க்கா தப்பு."

அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துவிட்டார். "எங்க ஊர்ல, கம்பத்துக் கோயில்ல அடிப்பாங்களே, அதா?" என்றார். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

மேடம் சிரிக்கவில்லை. பெற்றோர் முன்னால் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டேன். தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உங்கள வேலைய விட்டு நிறுத்தல. அந்த வார்த்தைய நான் யூஸ் பண்றதே இல்ல. உங்க பலத்துக்கு இந்த இடம் சின்னது, அவ்வளவுதான்."

"ஸ்டோர் ரூம்?"

"அது இன்னும் சின்னதுலா."

என் சட்டையில் ஒரு நட்சத்திரம் ஒட்டி அனுப்பினார்.

அந்த இரவு கிள்ளான் ஸ்டேஷன் பெஞ்சில் கழிந்தது. காலையில் ஒரு வெங்காய மொத்தக் கடை முன்னால் லோரி நின்றது. முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மூட்டை தூக்குவியா?"

"தூக்குவேன். படுக்க இடம் இருக்கா, பாஸ்?"

"மேல மூட்டைக்கு நடுவுல படுத்துக்க. ஃபேன் இல்ல. எலி இருக்கு."

சட்டையைக் கழற்றிவிட்டு லோரியிலிருந்து வெங்காயம் இறக்க ஆரம்பித்தேன்.