வயர் இல்லாத மேசைவிளக்கு

லா சப்பல் மெட்ரோ பாலத்துக்கு எதிரே ஒரு யாழ்ப்பாணத்துக்காரரின் பலசரக்குக் கடை. கல்லாவில், டேப் ரெக்கார்டருக்குப் பக்கத்தில் ஒரு மேசைவிளக்கு நிற்கிறது. வெள்ளைக் கண்ணாடிக் கூடு, பித்தளை அடி. வயரைத் தேடுகிறேன், காணோம். கடைக்காரர் அதன் அடியில் சைக்கிள் பம்பைச் சொருகிக் காற்றடிக்கிறார். அப்படியானால் இதுவும் ஒரு பெட்ரோமாக்ஸ்தானா?

“மேல்மாடியிலை இருந்த அமெரிக்கன் போகேக்கை தந்தவன். அங்கை ஆமிஷ் எண்டொரு சனமாம். அவையின்ரை வீடுகளுக்கெண்டே செய்யிறதாம்.”

“கரண்ட் இல்லாத ஊருங்களா?”

“வாசல் வரைக்கும் லைன் போகுதாம். வீட்டுக்குள்ளை எடுக்கமாட்டினமாம்.”

“ஏன்?”

“எனக்கும் விளங்கேல்லை, அண்ணை.”

எனக்குக் குழப்பம் தீரவில்லை. ஆனாலும் ஆசை விடவில்லை. விளக்கை விலைக்குக் கேட்கிறேன். மதுரையில் இருபத்திரண்டு பெட்ரோமாக்ஸ் சேர்த்து வைத்திருப்பதையும் பெருமையாகச் சொல்கிறேன்.

“தர ஏலாது. கீழை காவிலை கரண்ட் இல்லை. அரிசி மூட்டை எடுக்க இதுதான் வேணும்.” நிலவறையைத்தான் பிரெஞ்சில் ‘காவ்’ என்கிறார். காற்றடித்தபடியே கேட்கிறார்: “உங்கடை வீட்டிலையும் கரண்ட் இல்லையோ?”

“இருக்கே.”

“அப்ப, அந்த இருபத்திரண்டும்?”

“ஒண்ணைக்கூட எரிச்சதில்லீங்க. துடைச்சு அடுக்கி வச்சிருக்கேன்.”

பம்பு பாதியில் நிற்கிறது. சற்றுமுன் ஆமிஷ் சனத்தைப் பற்றி நான் கேட்ட அதே குரலில், அவர் என்னைக் கேட்கிறார்:

“ஏன்?”