விளக்கு வைப்பதற்குள் உப்பு

எங்கள் பக்கத்தில் புது வீட்டுக்குள் முதலில் போவது உப்பு. மனிதர்கள் அதற்குப் பிறகுதான். உப்பைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும் என்பார்கள். கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு உப்பு வீடு மாறக் கூடாது. இதையெல்லாம் பார்த்துக்கொள்வது பெண்கள். மரக்காணத்து உப்பளத்தில் இத்தனை வருஷமாக உப்பு வாருகிற எனக்கு அதைச் சுமக்கத்தான் தெரியும்.

என் மகள் நார்வேயின் வடக்குக் கோடியில் நர்ஸாக இருக்கிறாள். அங்கே முன்பு இருந்த வாடகை வீட்டில் அவளுக்கு ஒரு குழந்தை வயிற்றில் தங்கவில்லை. "உப்பு போவாத வீடு, வேற இன்னா ஆவும்" என்று என் மனைவி அழுதாள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லும் தைரியமும் இல்லை. இந்தக் கோடையில் மகள் மறுபடி ஐந்து மாதம். சொந்த வீடு வாங்கியிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் போவதாக டிக்கெட் எடுத்த பிறகு, என் மனைவி குளியலறையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டாள்.

"நானும் போவல" என்றேன்.

"பேசாம போ. உப்ப எடுத்துக்கினு போயி வெச்சிட்டு வர இன்னா படிப்பு வேணும்?"

மகள் போனில் சொன்னாள்: "நீ வர்ற அன்னிக்குத்தாம்பா சாவி குடுக்குறாங்க. நீ உப்பு வெச்ச பெறகுதான் நான் உள்ள போவேன்."

"அம்மா சொன்னாளா?"

"இல்லப்பா. எனக்கே பயமா இருக்குது."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் விமானம் ஏறினேன்.

நான் வாரிய கல்லுப்பையே மஞ்சள் துணியில் முடிந்து, என் கைப்பையில் வைத்தாள் என் மனைவி. சென்னையில் ஒருவரும் கேட்கவில்லை. வளைகுடாவில் விமானம் மாறும் இடத்தில் பையைத் திறக்கச் சொன்னார்கள். சீருடை போட்ட பெண் ஒருத்தி முடிச்சைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள். நான் அதை எடுத்து அவளுக்கு முன்னால் மேசையில் வைத்தேன். அவள் முகம் மாறியது. மறுபடி கையை நீட்டினாள். நானும் முடிச்சை எடுத்து, இன்னும் கொஞ்சம் அவள் பக்கமாக வைத்தேன். முன்பின் தெரியாத பெண்ணோடு எனக்கு எதற்குச் சண்டை? அவள் உரக்க ஏதோ சொன்னாள். பின்னால் நின்றவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள்.

தரை துடைத்துக்கொண்டிருந்த ஒருவர் கிட்டே வந்தார். "அண்ணே, தமிழா? எந்த ஊரு?"

"மரக்காணம்."

"அட! நான் கோட்டக்குப்பம்ணே. துணில இன்னா?"

"உப்பு தம்பி. பொண்ணு வீட்டுக்கு."

"அத அந்தம்மா கையில குடுக்க வேண்டியதுதான?"

"உப்ப எப்படிப்பா கையில குடுக்குறது?"

அவர் சிரித்துவிட்டார். அந்தப் பெண்ணிடம் அவர்கள் பாஷையில் என்னவோ சொன்னார். அவள் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள், ஒரு காகிதத்தால் தடவி இயந்திரத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு முடிந்து என்னிடம் நீட்ட வந்தவள், நடுவில் நிறுத்தி, மேசையில் மெதுவாக வைத்தாள். இப்போதும் அந்தக் கை ஞாபகம் வருகிறது.

நார்வேயில் இறங்கியபோது மத்தியானம். அங்கிருந்து வடக்கே போகிற சின்ன விமானம் தாமதம் என்றார்கள். எவ்வளவு தாமதம் என்று கேட்க எனக்குப் பாஷையும் இல்லை, வெட்கமும் விடவில்லை. கண்ணாடிச் சுவரை விட்டுத் தள்ளி, கூடத்தின் உள்பக்கம் உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேல் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. சுவர்க் கடிகாரம் ஆறு, ஏழு, எட்டு என்று போனது. மடியில் உப்பு கனத்தது. விளக்கு வைக்கும் நேரம் போயே போய்விட்டது. இனி விடிந்துதான் வைக்க முடியும். அதுவரைக்கும் வயிற்றுப் பிள்ளைக்காரி எங்கே படுப்பாள்? அவசரத்துக்கு விளக்கு வைத்த பிறகே வைத்துவிட்டு, நாளைக்கு அவளுக்கு ஒன்று ஆனால், யார் முகத்தில் விழிப்பது? நம்பிக்கை இல்லாதவன் இப்படியெல்லாம் யோசிப்பானா என்று அங்கே உட்கார்ந்துதான் என்னைக் கேட்டுக்கொண்டேன்.

விமானத்தில் ஜன்னலோரம் இருந்தவர் திரையை இறக்கிவிட்டுத் தூங்கினார். இறங்கும்போது பணிப்பெண் வந்து திரையை ஏற்றச் சொன்னாள். பளீரென்று வெயில் என் முகத்தில் விழுந்தது. கீழே கடலும், பனி ஒட்டிய மலையும் மஞ்சளாக இருந்தன. 'இங்க கோடையில ராத்திரியே கெடையாதுப்பா' என்று மகள் எப்போதோ சொல்லியிருக்கிறாள். தெருவிளக்கைச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளை காரில் அழைத்துப் போனார். மகள் புது வீட்டு வாசற்படியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தே கிடந்தது. சாவி வாங்கியதிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாளாம். எங்கள் ஊரில் அப்போது நடுராத்திரி தாண்டியிருக்கும். என் மனைவி தூங்காமல் வீடியோவில் வந்தாள்.

"இம்மாம் நேரங்கழிச்சா போவ? வெளக்கு வெச்சாச்சேய்யா!"

நான் போனைச் சூரியன் பக்கம் திருப்பினேன்.

அவள் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். "இது எந்த ஊரு வெயிலு?"

"ஒன் பொண்ணு ஊரு வெயிலுதான்."

"நான் இங்க வெளக்கு வெச்சி எந்நேரம் ஆவுது. அது கணக்கில்லையா?"

"உப்பு போற வீடு இதும்மா, இங்கத்திக் கணக்குதான்" என்றாள் மகள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவள் கண் என் பையிலேயே இருந்தது.

"சரி, சரி. அது மறையறதுக்குள்ள வெச்சிடு" என்றாள் என் மனைவி. அது மறையாது என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை.

காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போய், காலியாக இருந்த சமையலறையின் நடுவில் முடிச்சை வைத்தேன். ஒதுங்கி நின்றேன். மகள் வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். வயிற்றில் ஒரு கையை வைத்துக் குனிந்து, உப்பை எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். மாப்பிள்ளை பயந்து ஓடிவந்தார்.

"ஒண்ணுமில்ல. பசிக்குது" என்றாள்.

மாப்பிள்ளை காரிலிருந்து பாத்திரமும் அரிசியும் எடுத்துவர, அந்த உப்பைப் போட்டுத்தான் உலை வைத்தாள். நாங்கள் சாப்பிட்டு முடித்தபோதும் தரையில் வெயில் இருந்தது.