எம்.ஏ. கிரிமினல்

இன்று லிங்கராஜபுரத்தில் ஒரு வங்கிக்குப் போனேன். எம்.ஏ. கிரிமினாலஜி படிக்கக் கல்விக் கடன் வேண்டும்.

மேனேஜர் விண்ணப்பத்தைப் புரட்டினார். "இன்ஜினியரிங்னா கண்ண மூடிட்டு சைன் போடுவேம்மா. இத படிச்சா என்ன சம்பளம் வரும்?"

"ஜெயில்ல வெல்ஃபேர் ஆஃபீசர் வேல சார். சம்பளத்துல பாதி உங்க தவணைக்கே போயிடும். மிச்சத்துல நான் ஓட்டிக்குவேன். ஏழு வருஷத்துல முடிச்சிடுவேன். கணக்குப் போட்டுட்டுத்தான் வந்தேன்."

என்னை ஒருமுறை உற்றுப் பார்த்தார். "ஆய்து, சரி, பாக்கலாம்" என்று கன்னடம் கலந்து சொல்லி ஒப்புகைச் சீட்டை எழுதிக் கொடுத்தார்.

பஸ் ஸ்டாப்பில்தான் அதைப் படித்தேன். படிப்பு என்ற இடத்தில் 'எம்.ஏ. கிரிமினல்' என்று இருந்தது.

விடுவேனா? வந்த பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பிப் போய் நீட்டினேன்.

"இத இப்பவே திருத்துங்க சார். கடன கட்டலன்னா அப்பறம் அப்பிடியே எழுதிக்குங்க."