பன்னிரண்டு டிகிரி சாய்வு

சிதம்பரம் மேலவீதிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஆரோக்கிய அனிதா அக்கா இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறார். வீடு கடலூர் முதுநகரில், தினமும் பஸ். நான் அதே லேபில் ரிப்போர்ட் டைப் அடிப்பவள். ரத்தம் எடுப்பது அக்கா, மெஷினில் வைப்பது அக்கா, கீழே கையெழுத்து மட்டும் டாக்டருடையது. இத்தனை வருடத்தில் அக்காவின் பெயர் எந்த ரிப்போர்ட்டிலும் அச்சானதில்லை. நான் இதைக் குறையாகச் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த ஊசியைப் பிரிப்பார். பெயரில் அவருக்கு ஆசை இல்லை என்று நானும் முட்டாள்தனமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

கிள்ளைப் பக்கத்திலிருந்து மங்கலம் என்று ஒரு அம்மா வந்தார். சாதாரண பரிசோதனைதான். பொட்டாசியம் அளவு பயங்கரமாக ஏறிக் காட்டியது. அவரை அள்ளிப் போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸ் கடலூருக்கு ஓடியது. அங்கே மறுபடி பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. எங்கள் மெஷினின் மெல்லிய குழாயில் ஒரு காற்றுக் குமிழி புகுந்திருக்கிறது, அவ்வளவுதான். மறுநாள் அந்த அம்மாவின் மகன் வந்து கத்தினான். முதலாளி ராஜமாணிக்கம் அத்தனை பேஷன்ட் முன்னாலும் அக்காவை மன்னிப்புக் கேட்கவைத்தார்.

"மெஷின் தப்புப் பண்ணாதும்மா. கைதான் பண்ணும்" என்றார்.

அக்கா மன்னிப்புக் கேட்டார். அன்று சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து குமிழி பிடிக்க ஆரம்பித்தார்.

சலைன் செட்டில் சொட்டுச் சொட்டாக விழும் சின்னக் கூடு இருக்குமே, அதை வெட்டி, மெழுகுவர்த்தியில் வாட்டி, உப்புத்தாளில் தேய்த்து, மெஷினின் குழாய்க்கு நடுவில் பொருத்திப் பார்ப்பார். ஒழுகும். மறுபடி வெட்டுவார். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க இதுதான் வேலை, ஒன்றரை வருடம். கையில் எத்தனை சூடு வாங்கினார் என்று எனக்குத்தான் தெரியும், பர்னால் தடவியது நான். கடைசியில் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு கூடு அமைந்தது. உள்சுவர் பன்னிரண்டு டிகிரி சாய்ந்திருக்கும். குமிழி அந்தச் சாய்வில் ஏறி மேலே இருக்கும் பொந்தில் மாட்டிக்கொள்ளும், திரவம் மட்டும் கீழே போகும். பதினொன்று என்றால் குமிழி நழுவும், பதினைந்து என்றால் ஓட்டம் தடுமாறும். பன்னிரண்டுதான் அதன் உயிர்.

இதற்குப் பேட்டன்ட் வாங்கலாம் என்று சொன்னது நான். பாண்டிச்சேரியில் சேரன் என்ற பேட்டன்ட் ஏஜென்டைப் பிடித்ததும் நான்தான். அவர் முதல் நாளே தெளிவாகச் சொன்னார்: "மனு போடுற வரைக்கும் வெளியில மூச்சு வுடக் கூடாது. உலகத்துல யாருக்கும் தெரியாம இருந்தாத்தான் அது புதுசு."

அக்கா தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

மனுவுக்குப் படம் வேண்டும். அக்காவின் வீட்டுக்காரர் மரிய அருள் மஸ்கட்டில் இருக்கிறார். அவருடைய தம்பி செபாஸ்டின் முதுநகரில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். கேஸ் சிலிண்டர் மாற்றுவதிலிருந்து அக்காவின் பெண்ணை ஸ்கூலில் விடுவது வரை அந்த வீட்டுக்கு எல்லாமே அவன்தான். அவனே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கூட்டை இரண்டாகப் பிளந்த மாதிரி, உள்சுவர், கோணம், அளவு எல்லாம் தெரிய வரைந்து கொடுத்தான். கல்யாண பேனரில் மாப்பிள்ளைக்கு மீசை திருத்துகிற கை அது. படம் அவ்வளவு சுத்தமாக வந்தது.

படம் தயார். ஆனால் சேரன் தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டார். "வந்து போட்டுக்கலாம்" என்றார். இடையில் செப்டம்பர் எட்டு, மாதா திருவிழா வந்தது.

நம் ஊரில் ஒருவர் பத்தாவது பாஸ் செய்தாலே நாலு பேனர். அப்படியிருக்க, சொந்த அண்ணி ஒன்றைக் கண்டுபிடித்தால் பிளெக்ஸ் கடைக்காரன் சும்மா இருப்பானா? பங்குக் கோயில் வாசலில் எட்டுக்குப் பத்து அடியில் ஒரு பேனர். 'எங்கள் பங்கின் விஞ்ஞானி திருமதி ஆரோக்கிய அனிதா அவர்களை வாழ்த்தி வணங்குகிறோம்.' ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் மாதா, நடுவில் அந்தப் படம். யாரிடமும் சொல்லாதே என்று அக்கா அவனிடம் சொல்லித்தான் இருந்தார். அவன் கணக்கில் பேனர் வைப்பது சொல்வது ஆகாது, வாழ்த்துவது.

அக்கா கோபப்பட்டாரா என்றால், இல்லை. பட்டுப்புடவையில் அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். செபாஸ்டின் அதைக் கடையின் பேஸ்புக் பக்கத்தில் போட்டான். அந்த வாரம் முழுக்க அக்கா லேபுக்குப் பூ வைத்துக்கொண்டு வந்தார். பத்தொன்பது நாள் கழித்து சேரன் மனுவைப் போட்டார்.

மனு பேட்டன்ட் இதழில் வெளியாகி ஒரு வருடம் கழித்து எதிர்ப்பு வந்தது. மெஷின் பாகங்கள் விற்கும் பெரிய கம்பெனி. 'இது புதிதல்ல. மனுவுக்கு முன்பே பொது இடத்தில் காட்டப்பட்டது' என்று எழுதி, பேனர் போட்டோவைத் தேதியோடு இணைத்திருந்தார்கள். எங்கிருந்துதான் தேடி எடுப்பார்களோ! அக்கா அதைப் படித்துவிட்டுப் போனை எடுத்தார்.

"என்னாடா பண்ணி வச்சிருக்க? ஊருக்கெல்லாம் பேனர் அடிச்சிக் காட்டச் சொன்னனா? என் வாழ்க்கையையே தூக்கி வாசல்ல மாட்டிட்டியேடா, பாவி!"

மறுமுனையில் செபாஸ்டின் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. அன்றே அந்தப் பதிவை அழித்துவிட்டான். அழித்து என்ன, அவர்கள் கையில் நகல் இருந்தது.

அதற்குப் பிறகு அக்கா அவனோடு பேசவில்லை. சிலிண்டரைத் தானே இழுத்துப் போட்டார். பெண்ணை ஆட்டோவில் விட்டார். மஸ்கட்டிலிருந்து வீட்டுக்காரர் கெஞ்சியும் பயனில்லை.

ஒரே ஒரு பிடி இருந்தது. போட்டோவில் பேனரின் நடுப்பகுதி மங்கல். உள்சுவர் தெரியவில்லை. சேரன் போனில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பேனர்ல வெளி வடிவம் மட்டும்தான் இருந்துச்சுன்னு எழுதிக் குடுத்துடலாம். இல்லன்னு அவுங்க நிரூபிக்க முடியாது."

அது பொய். கோணம் வரை பேனரில் இருந்தது எனக்கும் தெரியும். அக்கா என்னைப் பார்த்தார். "டைப் அடி, வாணி" என்றார். அடித்தேன். பேனர் அடித்த கடைக்காரரும் அப்படியே ஒரு கடிதம் தர வேண்டும் என்றார் சேரன். நான்தான் முதுநகர் போய் நீட்டினேன். செபாஸ்டின் முழுக்கப் படித்தான், கையெழுத்துப் போட்டான். "அண்ணி சாப்புடறாங்களா?" என்று மட்டும் கேட்டான்.

விசாரணை வீடியோவில் நடந்தது. லேபின் பின் அறையில் என் லேப்டாப் முன்னால் அக்கா உட்கார்ந்தார். திரையில் சேரன் ஒரு கட்டத்தில், பேட்டன்ட் ஆபீஸ் அதிகாரி ஒரு கட்டத்தில், கம்பெனி வக்கீல் ஒரு கட்டத்தில். ஆங்கிலத்தில் ஏதேதோ போனது. பேனர் பேச்சு வந்ததும் வக்கீல் முந்தின நாள்தான் கொடுத்த ஒரு பக்கத்தைத் திரையில் காட்டினார். அதே பேஸ்புக் பதிவு. ஆனால் இந்த முறை கீழே வரை.

யாரோ ஒரு சொந்தக்காரப் பெண் கேட்டிருந்தாள்: 'இதுல என்னா அக்கா விசேஷம்?' அடியில் அக்காவின் பெயரில் பதில்: 'உள்ள செவுரு பன்னண்டு டிகிரி சாஞ்சிருக்கும்மா. குமிழி சாய்வுல ஏறி மேல பொந்துல மாட்டிக்கும். தண்ணி மட்டும் கீழ போவும். அதான் விஷயம்.'

சேரன் ஆங்கிலத்தில் நாற்பது பக்கத்துக்கு எழுதியது மொத்தமும் அந்த நாலு வரியில் இருந்தது.

அதிகாரி தமிழுக்கு மாறினார். நல்ல மனிதர், குரலில் கடுமை இல்லை. "அம்மா, பேனர வுடுங்க. இது நீங்க எழுதுனதுங்களா?"

அக்கா திரைக்கு முகத்தைக் கொண்டுபோய்ப் படித்தார். மறுபடி படித்தார். எழுதியதே அவருக்கு மறந்திருந்தது. அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்தது, எனக்கு வலித்தது.

"ஆமாங்க சார். நான்தான் எழுதுனேன்."

மனு நிராகரிக்கப்பட்டது. இனி அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், விற்கலாம். அக்காவைக் கேட்க வேண்டியதில்லை.

செபாஸ்டினிடம் அக்கா எதுவும் சொல்லவில்லை. சொல்லிவிடுங்கள் என்று நச்சரித்தேன். "பேசாம இரு" என்றார். எனக்கு அவர் மேல் வெறுப்பே வந்தது. நான்கு வருடமாக ஒருத்தன் பழியைத் தன் தலையில் சுமக்கிறான், இறக்கிவைக்க ஒரு வார்த்தை போதும், அதைச் சொல்ல மாட்டேன் என்கிறாரே! அந்த வார்த்தையைச் சொன்னால் பழி போட ஆள் இல்லாமல் போய்விடும். அவரிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான் என்று இப்போது புரிகிறது.

போன வருடம் மெஷினுக்குப் புதுக் குழாய் செட் வந்தது. எதிர்ப்பு கொடுத்த அதே கம்பெனி. பொருத்திக் காட்ட ராஜவேல் என்று ஒருவர் வந்தார். குழாய்க்கு நடுவே நகம் அளவில் ஒரு கூடு. வெளிர் நீலம், அழகான வார்ப்பு, பக்கத்தில் கம்பெனியின் பெயர்.

"மேடம், இது புதுசு. குமிழிய புடிச்சிடும். மாட்டுறப்ப சாய்வு எந்தப் பக்கம்னு மட்டும் ஜாஸ்தி கவனமா..." அவர் முடிப்பதற்குள் அக்கா மாட்டிவிட்டார்.

"ஏற்கெனவே ட்ரெய்னிங் எடுத்திருக்கீங்களா மேடம்?"

"இல்ல சார்" என்றார் அக்கா.

கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின் அறைக்குப் போனார். பயந்துபோய் நானும் போனேன். அழவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தார்.

"செபா. அது உன் பேனரால போவல. கீழ நான் ஒரு கமென்ட் எழுதியிருந்தேன். அதாலதான் போச்சு. தெரிஞ்சும் உங்கிட்ட சொல்லல."

அந்தப் பக்கம் பிளெக்ஸ் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"தெரியும் அண்ணி" என்றான் செபாஸ்டின். "அதுக்கு மொத லைக் போட்டதே நான்தான். நீங்க திட்டுன அன்னிக்கே போய்ப் பாத்தேன். அழிச்சிட்டா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். உங்களுக்கும்."