லவோனின் வாய்

அமெரிக்கப் பழங்குடியான குரோ மக்களிடையே லவோனுக்கு இரண்டு வேலை. பள்ளிப் பேருந்து ஓட்டுவது ஒன்று. ஆளைப் பிடித்து வாயில் போட்டு மெல்லுவது இன்னொன்று. முதல் வேலைக்குச் சம்பளம் உண்டு. இரண்டாவதைப் பேச்சு வந்த நாளிலிருந்து இலவசமாகவே செய்துவருகிறாள்.

இலவசம் என்றாலும் அது முறைப்படி வந்த உரிமை. யாருடைய அப்பாக்கள் ஒரே குலமோ அவர்களுக்குள் கேலிமுறை. ஒருவன் தப்புத்தண்டா செய்தால் அப்பா வழி அத்தைகளும் சித்தப்பாக்களும் திட்ட மாட்டார்கள். அவர்கள் புகழவும் பிரார்த்திக்கவும்தான். நாலு பேர் நடுவில் மானத்தை வாங்குவது கேலிமுறைக்காரர் பொறுப்பு. மானம் போனவன் கோபப்படக் கூடாது. சிரித்துத் தொலைக்க வேண்டும். தெம்பிருந்தால் திருப்பிக் கொடுக்கலாம்.

லவோனுக்கு அப்படி வாய்த்தவன் வெர்லின். அவள் குடித்துத் திரிந்த காலத்தில், ஒருநாள் வண்டியோடு வேலியை உடைத்துக்கொண்டு போய் மாட்டு மந்தைக்குள் தூங்கிவிட்டாள். மறுநாள் கூடைப்பந்தாட்ட இடைவேளையில் வெர்லின் மைக்கைப் பிடுங்கினான்.

"நம்ம லவோன் நேத்து ஒரு மாட்டுக்கிட்ட கல்யாணம் பேசியிருக்கா. மாடு முடியாதுன்னுடுச்சு. வாடை தாங்கலையாம்!"

அரங்கமே குலுங்கியது. லவோனும் பல்லைக் காட்டிச் சிரித்தாள். வீட்டுக்குப் போய்க் குமுறி அழுதாள். அதோடு குடியை விட்டாள். இடையில் ஒன்றிரண்டு தடவை பாட்டிலைத் தொட்டதுண்டு. மாடு ஞாபகம் வந்து கீழே வைத்துவிட்டாள்.

அந்த வெர்லின்தான் இப்போது விடாமல் குடிக்கிறான். போன குளிர்காலத்தில் மனைவி இறந்ததிலிருந்து இந்தக் கூத்து. ஊர் அவனிடம் மெதுவாகப் பேசியது, சூப் கொண்டுபோய்க் கொடுத்தது. லவோன்கூட, "சாப்டியாய்யா?" என்று பூப்போலக் கேட்டாள். கேலி செய்ய மனம் வரவில்லை. அந்தக் குரலைக் கேட்டதும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கோடையில், குடியிலிருந்து மக்கள் மீள வேண்டும் என்று குரோக்களும் பக்கத்துச் செயென் பழங்குடி மக்களும் இரு நிலங்களின் எல்லையில் கூடிப் பிரார்த்திப்பதாக ஏற்பாடு. ஒரு காலத்தில் ஒருவர் குதிரையை ஒருவர் திருடிய கூட்டங்கள். சாராயம் மட்டும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பார்க்காமல் இரண்டிலும் ஆளை அள்ளியிருந்தது.

ஏற்பாட்டைச் செய்த டெல்ஃபினுக்குக் காலையிலிருந்தே பதற்றம். "அக்கா, இன்னிக்கு மட்டும் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. செயென்காரங்க வந்திருக்காங்க."

"கழட்டித் தர்றேன். நீயே பத்திரமா வச்சுக்கோ."

செயென் தரப்பில் ஹோமர் பிரார்த்தனையைத் தொடங்கினார். நல்ல மனிதர், நிறுத்தத் தெரியாது. குடிப்பவர்களுக்காகவும் நோயாளிகளுக்காகவும் வேண்டினார். போர்வீரர்கள், ஆறுகள் எல்லாம் முடிந்து குதிரைகளுக்கு வந்தபோது, விருந்துக்கு வைத்திருந்த பொரித்த ரொட்டி ஆறி விறைத்துவிட்டது. பிரார்த்தனைக்குப் போட்ட சிடார் மரப் புகையில் பாதிப் பேர் கண்ணைக் கசக்கினார்கள். மீதிப் பேர் தூங்கினார்கள்.

அப்போதுதான் லவோன் பார்த்தாள். மைதானத்தின் ஓரத்தில் வெர்லினின் பிக்கப் வண்டி. உள்ளே அவன் தலை ஸ்டியரிங்கில் கவிழ்ந்திருந்தது. பிறகு நிமிர்ந்தது. வண்டி உறுமியது.

அந்தச் சாலை எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். பழங்குடி நிலத்தைத் தாண்டியதும் மதுக்கடை. கடைக்கு முன்னால் ஒரு வளைவு. வளைவில் ஏற்கெனவே, வண்டி கவிழ்ந்து செத்தவர்களுக்கு நட்ட சிலுவைகள் வரிசையாக. இந்த நிலையில் அவன் கடை வரைக்கும் போய்ச் சேர மாட்டான்.

லவோன் நேராகப் போய் ஹோமரின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள். டெல்ஃபின் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"எல்லாரும் அந்தப் பக்கம் பாருங்க!" என்று உதட்டைக் குவித்து வண்டியைக் காட்டினாள். "அந்த டப்பாக்குள்ள ஒரு ஆளு குந்தியிருக்கான். பொண்டாட்டி பாவம், இப்பதான் மேல போயி நிம்மதியா காலை நீட்டிப் படுத்திருக்கா. இந்தாளு பின்னாலேயே போறதுக்குக் குடிச்சுத் தள்ளுறான். யோவ் வெர்லின், அவ அங்கயாவது உன் குறட்டையில்லாம தூங்கட்டுமேய்யா!"

செயென் பக்கம் பேயறைந்ததுபோல் நின்றது. செத்தவளை இழுத்துக் கேலியா? லவோனுக்கும் தெரியும்: தப்பாகிவிட்டால் அவன் சாவுக்குத் தான்தான் காரணம்.

வண்டியின் உறுமல் நின்றது. கதவு திறந்தது. வெர்லின் தள்ளாடித் தள்ளாடி வந்து மைக்கை வாங்கினான்.

"என் குறட்டைய விடுங்க. இவ பஸ்ஸு போடுற சத்தத்துல மலையில ஒரு கரடிகூடத் தூங்கல. அப்புறம் லவோன், அந்த மாடு இன்னும் உன்ன விசாரிக்குது."

குரோக்கள் வெடித்துச் சிரித்தார்கள். சிரிக்கலாம் போல என்று தெரிந்துகொண்டு செயென்களும் சேர்ந்தார்கள்.

வெர்லின் மைக்கைத் தள்ளிப் பிடித்து அவளிடம் மட்டும் சொன்னான்: "எல்லாரும் எங்கிட்ட எழவு வீட்டுல பேசுற மாதிரியே பேசுறீங்க. நீயும் வாய மூடினதும், சரி, நான் செத்துட்டேன் போலன்னு நெனச்சுட்டேன்."

லவோன் கையை நீட்டினாள். அவன் வண்டிச் சாவியைக் கொடுத்தான்.

ஹோமர் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "எதுல விட்டேன்?" ஆளாளுக்கு ஆறிப்போன ரொட்டியைப் பார்த்தார்கள். "சரி, முதல்லேர்ந்தே வர்றேன்."

கூட்டம் முனகியது. வெர்லின் கீழே விழாமலிருக்க லவோனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான். சற்றுக் கழித்து அவள் முகத்தை எட்டிப் பார்த்தான்.

"அழுறியா? இரு, அடுத்த மேட்ச்சுல மைக்குல சொல்றேன்."

"சொல்லு," என்றாள் லவோன். "வந்து சொல்லு."