பட்டன் தேயாத டயர்கள்

டயரின் மேல் இருக்கும் வரிகளைக் கடைக்காரர்கள் பட்டன் என்பார்கள். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில், எங்கள் காரின் நான்கு டயர்களிலும் பட்டனின் ஆழத்தை ஸ்டீல் ஸ்கேலால் அளந்து டைரியில் எழுதுவது என் வழக்கம். ஏழு ஆண்டுகளில் இரண்டு மில்லிமீட்டர்கூடத் தேயவில்லை. வீடு குருசுக்குப்பத்தில், ஆபீஸ் நடந்து போகிற தூரம். கார் ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்குப் போய் வரும், மற்ற நாளெல்லாம் வாசலில் வெயிலில் நிற்கும். டயர்களை நான் காப்பாற்றி வருவதாகவே நினைத்திருந்தேன்.

2008-இல் என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கினாள். காரைக்காலில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குத் தானே ஓட்டிப் போகவேண்டும் என்பது அவள் ஆசை. நான் மூன்று முறை தள்ளிப்போட்டேன். ஒருமுறை மழை, ஒருமுறை வைப்பர் சரியில்லை. மூன்றாவதற்கு டைரியில் காரணம் எழுதவில்லை. கடைசியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். காற்று மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம் என்றேன்.

"இன்னிக்கி டயரா? சரி, ஏறுங்க" என்று அவளே தட்டாஞ்சாவடி டயர் கடைக்கு ஓட்டினாள்.

காற்றுப் பிடிக்கக் குனிந்த கடைக்காரர், டயரின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். மெல்லிய வெடிப்புகள் விரிந்தன.

"சார், இது எந்தக் காலத்து டயரு?"

"பட்டன் அப்படியே இருக்கே. ஆறரை மில்லிமீட்டர்."

"பட்டன் இருக்குது சார். ரப்பர் செத்துப்போச்சே." பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கங்களைத் துடைத்துக் காட்டினார். "1401. ரெண்டாயிரத்தி ஒண்ணாம் வருசம், பதினாலாவது வாரம் செஞ்சது. ஓடாம வெயில்ல நின்னா சீக்கிரம் காஞ்சிடும். தூரம் போனீங்கன்னா நடுவுல வெடிச்சாலும் வெடிக்கும்."

அந்த எண் எனக்குத் தெரியும். கார் வாங்கிய அன்றே, வரிசை எண் என்று குறித்து வைத்திருந்தேன். ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்துக்கும் ஒரே எண் இருந்ததால், இது கவனக்குறைவு என்று சுட்டிக்காட்டி டயர் கம்பெனிக்கு ஒரு கடிதமும் போட்டிருந்தேன். பதில் வரவில்லை.

மனைவி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். "லெட்டரப் படிச்சவன் இன்னும் சிரிச்சிட்டு இருப்பான். அப்புறம் எங்க பதில் போடறது?"

பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப இன்னிக்கும் கிடையாது. அப்படித்தானே?"

தள்ளிப்போட இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அஞ்சையும் மாத்துங்க" என்றேன்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கடைக்காரர் சாவியை என்னிடம் நீட்டினார், அவள் வாங்கிக்கொண்டாள்.

"புது டயரும்மா. மொத நூறு கிலோமீட்டரு நிதானமாப் போங்க."

அதை உடனே எழுதிக்கொண்டேன்.

"ஏங்க, காரைக்கால் எத்தினி கிலோமீட்டர்னு எழுதியிருக்கீங்க?"

"நூத்தி முப்பது."

"அப்ப கடைசி முப்பது என்னுது."

கடலூர், சிதம்பரம் வரை சைக்கிள்காரர்களுக்குக்கூட வழிவிட்டாள். சீர்காழி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நூறு கிலோமீட்டர் முடிந்தது. தரங்கம்பாடிக்கு முன்னால் பாட்டுப் பாடிக்கொண்டே ஒரு பஸ்ஸை முந்தினாள். நேரத்தைக் குறிக்கலாம் என்று நினைத்தேன். பேனா சட்டைப்பையில் இருந்தது. என் கைகள் இரண்டும் டேஷ்போர்டைப் பிடித்திருந்தன.