சுவருக்கு அடித்த வெள்ளை

ஒஸ்லோவில் நாங்கள் இருப்பது கொம்யூன் வீட்டில். வசதியில்லாதவர்களுக்கு நகரசபை வாடகைக்குக் கொடுக்கிற அடுக்குமாடி வீடு. இதை நான் எங்கடை சனத்திடம் வாய்விடுவதில்லை. லோறென்ஸ்கூக்கில் சொந்த வீடு வாங்கிய மச்சான், "நீங்கள் இருக்கிறது குறொன்லாண்டுக்குக் கிட்டவாம், நல்ல இடமெல்லோ?" என்று கேட்டால், "ஓமோம், இப்போதைக்கு வாடகைக்குத்தான்" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடிப்பேன். வேலையிடத்தில் ஏணியிலிருந்து விழுந்து முதுகு முறிந்து, வேலையும் போனபிறகு கிடைத்த வீடு அது. ஒப்பந்தம் மூன்று வருடத்துக்குத்தான். முடிவதற்கு முன் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் ஓம் என்றால் இருக்கலாம், இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டும்.

எங்களுடையது அடுத்த கோடையில் முடிய இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான், பன்னிரண்டு வயது மகளின் அறையில், கட்டிலுக்குப் பின்னால், சுவர் கறுக்கத் தொடங்கியது. பூஞ்சணம். குளோரின் போட்டு உரஞ்சினேன். பத்து நாளில் திரும்ப வந்தது. வெள்ளைப் பெயின்ட் வாங்கி அதன் மேல் அடித்தேன். அதையும் தின்றுகொண்டு வந்தது. மறுபடி அடித்தேன்.

"கொம்யூனுக்குச் சொல்லுங்கோவன் அப்பா. பிள்ளை இரவு பகலா இருமுறாள்" என்றாள் மனைவி.

"உமக்கென்ன விசரே? வீட்டைப் பழுதாக்கிப் போட்டினம், சமைச்சுச் சமைச்சு ஆவியடிச்சுப் போட்டினம் எண்டு எழுதுவாங்கள். பிறகு ஒப்பந்தமும் இல்லை, ஒண்டும் இல்லை. பேசாமல் இரும்."

எனக்குத் தெரிந்த அரசாங்கங்களெல்லாம் அப்படித்தான். கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள், பிறகு அந்தக் கடதாசியோடு திரும்பி வருவார்கள். இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும், சீருடை இல்லாத ஒரு பெண் கையில் பேனையோடு நின்றாலே நான் மற்றப் பக்கத்தால் போய்விடுவேன்.

அப்படி ஒரு பெண்ணைத்தான் கொம்யூன் எங்கள் கட்டடத்துக்கு அனுப்பியது. குடியிருப்பவர்களும் கொம்யூனும் சேர்ந்து கட்டடத்தைச் சீராக்குவதாம். நிலக்கீழ் அறையில் வியாழக்கிழமைகளில் கோப்பி, வாஃபிள், கூட்டம். எல்லா வீட்டுக் கதவிலும் தட்டி, சிரித்துச் சிரித்துக் கூப்பிட்டாள். சிரிக்கிறவர்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று யோசிப்பார்களே! அதனால் போனேன்.

பதினைந்து பேரளவில் இருந்தோம். வாஃபிளுக்காக மகளும் என்னோடு வந்திருந்தாள். எங்களுக்கு நேர் கீழ்வீட்டுச் சோமாலியப் பெண் எழுந்தாள். தனியாக ஒரு கைக்குழந்தையை வளர்க்கிறவள். தொலைபேசியில் இருந்த படங்களைச் சுற்றிக் காட்டினாள். கறுத்த சுவர். என் வீட்டுச் சுவரைப் போலவே, அதே மூலை.

கொம்யூனிலிருந்து வந்திருந்த திருத்தவேலைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு நோர்வேஜிய மொழியில் கேட்டார்: "மேல்வீட்டிலும் இப்படி இருக்கிறதா? இரண்டிலும் இருந்தால் கட்டடத்தில் பிழை. சுவரை உடைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் என்றால், வீட்டுக்குள் உடுப்புக் காயப்போடுவதால் வருவது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஓம் என்று ஒரு சொல்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"இல்லை," என்றேன். "எங்கள் வீட்டில் எல்லாம் நல்லாய் இருக்கிறது. மிக்க நன்றி."

அந்த 'மிக்க நன்றி'யை நினைத்தால் இப்போதும் என்னை நானே செருப்பால் அடிக்கலாம் போலிருக்கும். அவர் எழுதிக்கொண்டார். கீழ்வீட்டுக்காரியிடம், யன்னலைத் திறந்து வைக்கச் சொல்லி ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். அவள் அதை வாங்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெயின்ட் வாளியோடு நான் வந்த அன்று கீழ்க்கதவைத் திறந்து பிடித்தவளே அவள்தான்.

அன்றிலிருந்து படிக்கட்டு எனக்கு எமனாகியது. கீழ்வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டால், சப்பாத்தைக் கையில் பிடித்தபடி உள்ளேயே நிற்பேன். குப்பை கொட்டக்கூட அவள் வெளியே போன பிறகுதான் இறங்குவேன். தபாற்பெட்டியில் கொம்யூனின் உறை கிடந்தால் வீட்டுக்குள் கொண்டுபோய்க் கதவைப் பூட்டிவிட்டுத்தான் திறப்பேன். குடிநீர்க் குழாய் சுத்தம் செய்கிற அறிவித்தலாக இருக்கும்.

மாசி மாதம், மத்தியானம், மகளின் பாடசாலையிலிருந்து அழைத்தார்கள். மூச்செடுக்க முடியாமல் இருக்கிறாள், உடனே வாருங்கள் என்றார்கள். முதுகு வலியோடு ஓடினேன். அவசர சிகிச்சை நிலையத்தில் அவளுடைய முகத்தில் ஒரு மூடியை வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். தோள்கள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. ஐயோ, என்ரை பிள்ளை! ஒரு மூச்சுக்கு அவள் படாத பாடு பட்டாள்.

கொஞ்சம் அடங்கியதும் வைத்தியர் அவளுக்கு முன்னால் குனிந்து கேட்டார்: "உங்கள் வீட்டில் ஈரம், பூஞ்சணம் ஏதாவது இருக்கிறதா?"

மகள் மூடியை விலக்கினாள். முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, "இல்லை. எங்கள் வீட்டில் எல்லாம் நல்லாய் இருக்கிறது" என்றாள்.

என்னுடைய வசனம். சொல்லுக்குச் சொல் அதே வசனம். மூச்செடுக்கவே பலமில்லாத பிள்ளை, இருந்த மூச்சையெல்லாம் அந்தப் பொய்க்குச் செலவழித்தாள். எனக்காக.

"இருக்கு," என்றேன் நான். வைத்தியர் என் பக்கம் திரும்பினார். இன்னொரு தரம் சொன்னேன். "இருக்கு. நான் பெயின்ட் அடிச்சு மறைச்சனான்."

வியாழக்கிழமை நிலக்கீழ் அறைக்குப் போய்க் கொம்யூன்காரியிடமும் சொன்னேன். அவள் திட்டவில்லை. மறுநாளே திருத்தவேலைக்காரரோடு வந்தாள். கட்டிலை இழுத்து, என் வெள்ளைச் சுவரில் ஒரு சதுரம் வெட்டினார்கள். உள்ளே பலகை தேநீரில் தோய்த்த பாண் துண்டைப் போல ஊறிப்போய் இருந்தது. சுவருக்குப் பின்னாலிருந்த எங்கள் குளியலறைக் குழாயில் ஒரு மூட்டு ஒழுகி, தண்ணீர் சுவருக்குள்ளால் கீழ்வீட்டுக்கு இறங்கியிருந்தது. கைக்குழந்தையின் தொட்டிலுக்கு மேலே.

"எங்களை வீட்டை விட்டு எழுப்பி விடுவியளோ?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் வாயில் வந்தது, வெட்கங்கெட்டவன்.

"ஒப்பந்தத்தை முடிவு செய்வது வேறு பகுதி. பிழை குழாயில்தான் என்று நான் எழுதிக் கொடுப்பேன். வேறு வாக்கு என்னால் தர முடியாது" என்றாள்.

அவர்கள் போனபின் கீழே இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே முறைப்பாடாக எழுத வேண்டும், இரண்டு கையெழுத்தும் வேண்டும் என்றிருந்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்தபடி அவள் கதவைத் திறந்தாள். படிவத்தை நீட்டினேன்.

"எனக்குப் பயமாக இருந்தது," என்றேன். "எங்கள் ஒப்பந்தம் கோடையில் முடிகிறது."

அவள் கதவிலேயே படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்தாள்.

"என்னுடையது இந்த மாதம் முடிகிறது," என்றாள். "அன்றைக்குக் கூட்டத்தில் எழும்பியபோது என்னுடைய கால் நடுங்கினதை நீங்கள் பார்க்கவில்லையா?"